முத்தியால்பேட்டைப் பணமும் லா கூர்நெவ் மளிகையும்: ஒரு குடும்பக் கணக்கின் நிகழ்வு ஆய்வு

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வசிக்கும் ஒரு குடும்பத்தின் மூத்த மகன், பாரிஸுக்கு வடக்கே உள்ள லா கூர்நெவ் நகரிலிருந்து மாதந்தோறும் அனுப்பிவந்த 300 யூரோவை, 2023 செப்டம்பர் முதல் 200 யூரோவாகக் குறைத்தார். மளிகை விலை கட்டுப்படியாகவில்லை என்பதே அவர் சொன்ன காரணம். தந்தை அதை நம்பவில்லை. சில மாதங்கள் தொலைபேசியில் முகம்கொடுத்துப் பேசாமல் இருந்தபின், "பில்லை எல்லாம் அனுப்பு, பார்க்கலாம்" என்று அவர் கேட்க, மகனும் சளைக்காமல் கடை ரசீதுகளைப் படம்பிடித்து அனுப்பத் தொடங்கினார். பழைய ஆண்டுகளின் செலவு, வங்கி அட்டைக் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது. அந்தக் குடும்பத்துக்கு வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பவன் என்ற முறையில் இந்தக் காகிதங்கள் என் மேசைக்கு வந்தன. குடும்பத்தாரின் ஒப்புதலோடு, பெயர்களைத் தவிர்த்து, அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

தந்தை புதுச்சேரியின் ஏ.எஃப்.டி. துணி மில்லில் வேலைபார்த்து, 2020 ஏப்ரலில் மில் மூடப்படுவதற்கு முன்பே ஓய்வு பெற்றவர். இளைய மகன் நகரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் மாதம் 15,000 ரூபாய் சம்பளத்தில் இருக்கிறார். மூத்தவர் மணந்துகொண்டது ஒரு சொல்தா குடும்பத்துப் பெண்ணை, அதாவது பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவரின் வழிவந்தவரை. 1962இல் பிரெஞ்சுப் பகுதிகளின் ஒப்படைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள இங்கே பிறந்தவர்களுக்கு 6 மாத அவகாசம் தரப்பட்டது. அந்தப் பெண்ணின் தாத்தா கையெழுத்திட்டவர்களில் ஒருவர். அந்த வழியில் போன மூத்த மகன் இப்போது ஒரு சரக்குக் கிடங்கில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியைவிடச் சற்றுக் கூடுதலான ஊதியத்தில் இருக்கிறார். வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

தந்தையின் முதல் கணக்கு

தந்தை ரசீதில் இருந்த ஒவ்வொரு விலையையும் 90 ரூபாயால் பெருக்கினார். 2024இல் யூரோவின் மதிப்பு ஏறக்குறைய அவ்வளவு என்பதால், பெருக்கலில் பிழையில்லை. வந்த விடைகளோ அவரைக் கொதிக்க வைத்தன. பால் லிட்டர் 1.10 யூரோ, அதாவது 99 ரூபாய், இங்கே 46. உருளைக்கிழங்கு கிலோ 144 ரூபாய்; இங்கே 40. பொன்னிப் புழுங்கலரிசி 10 கிலோ மூட்டை 24 யூரோ, ஆகவே கிலோ 216 ரூபாய்; இங்கே 62. வெண்டைக்காய் கிலோ 7 யூரோ, 630 ரூபாய். முருங்கைக்காய் 9 யூரோ, 810 ரூபாய். "முருங்கக்காய எண்ணூறு ரூபாய்க்கு வாங்கித் தின்றவன் அப்பனுக்குப் பணம் இல்லங்கறான்" என்பது அவருடைய தீர்ப்பு. மருமகள் அதற்குச் சொன்ன பதில் சுருக்கமானது: "மாமா, இங்க சம்பளத்த ரூபாய்ல தர்றதில்லையே."

இருவர் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது. நாணய மாற்று விகிதம், நாடுகளுக்கிடையே கைமாறும் பொருட்களையும் பணத்தையும் சார்ந்து அமைவது. முடிதிருத்தும் கூலியும் காய்கறிக் கூடையும் அதில் சேர்த்தியில்லை. உலக வங்கி முன்னின்று நடத்தும் பன்னாட்டு விலை ஒப்பீட்டில், 2017ஆம் ஆண்டுச் சுற்றின்படி, ஒரு டாலரின் வாங்கும் திறனுக்கு நிகராக இந்தியாவில் 20.65 ரூபாய் போதும் என்று கணக்கிடப்பட்டது. அந்த ஆண்டில் சந்தை விகிதமோ 65 ரூபாய்க்கு மேல். ஆகவே 90ஆல் பெருக்கிக் கிடைக்கும் எண், இங்கிருந்து பணம் எடுத்துக்கொண்டு போய் அங்கே பத்து நாள் தங்கும் சுற்றுலாப் பயணிக்குப் பொருந்துமே தவிர, அங்கே உழைத்து அங்கேயே உண்பவருக்குப் பொருந்தாது.

தந்தைக்கு இன்னொரு ஐயமும் இருந்தது. ஒரே நிறுவனத்தின் ஒரே எடையுள்ள கடலைமாவுப் பொட்டலத்துக்கு இரண்டு ரசீதுகளில் இரண்டு விலை. இங்கே பொட்டலத்தின்மேல் வரிகள் உட்பட அதிகபட்ச சில்லறை விலை அச்சிட்டிருக்க வேண்டும். அதற்கு மேல் விற்பது குற்றம். பிரான்சில் அப்படியொன்று கிடையாது. விற்பனை விலையைக் கடைக்காரரே வைக்கிறார். இந்த விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று தயாரிப்பாளர் கட்டாயப்படுத்துவதுதான் அங்கே சட்டத்துக்குப் புறம்பு. எனவே, கடை மாறினால் விலை மாறும். ஆனால் கிலோவுக்கு, லிட்டருக்கு எவ்வளவு என்பதை விலைச்சீட்டில் கட்டாயம் காட்ட வேண்டும் என்பதால், ஒப்பிடத் தெரிந்தவர் ஏமாற வேண்டியதில்லை. உணவுப் பொருட்களில் பெரும்பாலானவற்றுக்கு மதிப்புக் கூட்டு வரி 5.5 விழுக்காடு. இங்கே 2022 ஜூலை முதல் 25 கிலோவுக்கு உட்பட்ட பொட்டல அரிசிக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. வந்ததும், வரிக்கு வெளியே நிற்பதற்காக 26 கிலோ மூட்டைகள் கடைகளில் முளைத்ததை நாம் பார்த்தோம். வரியைப் பொறுத்தவரை இரு நாடுகளுக்கும் பெரிய வேறுபாடில்லை. விலை வேறுபாட்டை வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

உழைப்பு நேரத்தில் ஒரு கணக்கு

விலையை நாணயத்தில் அளக்காமல் உழைப்பு நேரத்தில் அளப்பதே இதற்குத் தக்க வழி. பிரான்சில் 2024 ஜனவரியில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.65 யூரோ, சமூகப் பாதுகாப்புப் பிடித்தங்கள் போகக் கையில் வருவது ஏறக்குறைய 9.20 யூரோ. மூத்தவரின் ஊதியம் இதைவிடக் கூடுதல் என்றாலும், மிகைப்படுத்தாமல் இருக்கக் குறைந்தபட்சக் கூலியையே எடுத்துக்கொண்டேன். இளையவருக்கு மாதம் 26 நாள், நாளொன்றுக்கு 9 மணி நேரம்; எனவே மணிக்கு 64 ரூபாய்.

ஒரு லிட்டர் பாலுக்கு அண்ணன் 7 நிமிடம் உழைக்கிறார், தம்பி 43 நிமிடம். உருளைக்கிழங்குக்கு 10 நிமிடம், 37 நிமிடம். துவரம்பருப்பு, பாரிஸில் தமிழ்க்கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பகுதிக் கடைகளில் கிலோ 3.60 யூரோ, இங்கே 170 ரூபாய். அண்ணனுக்கு 23 நிமிடம், தம்பிக்கு 2 மணி 39 நிமிடம். கோழி இன்னும் விரிந்த வேறுபாடு: அங்கே முழுக்கோழி கிலோ 5.20 யூரோவுக்கு 34 நிமிடம் போதும். இங்கே 220 ரூபாய்க்கு 3 மணி 26 நிமிடம் வேண்டும். எண்ணூறு ரூபாய் முருங்கைக்காய் என்று தந்தை கொதித்த வீட்டில், கோழிதான் உண்மையில் பெரிய ஆடம்பரம் என்பதை இந்தக் கணக்கு காட்டியது.

ஆனால் எல்லாப் பொருளும் இப்படி நடக்கவில்லை, இந்த ஆய்வின் சுவையான பகுதியும் இதுவே. முருங்கைக்காய்க்கு அண்ணன் 59 நிமிடம், தம்பி 56 நிமிடம். சின்ன வெங்காயத்துக்கு 46 நிமிடம், 56 நிமிடம். வெண்டைக்காய்க்கு 46 நிமிடம், 37 நிமிடம். ரூபாயில் பார்த்தால் பன்னிரண்டு மடங்குக்கு மேல் ஊதிய வலிமை இருந்தும், இந்த மூன்று காய்களில் மட்டும் லா கூர்நெவ்வும் முத்தியால்பேட்டையும் கிட்டத்தட்டச் சமநிலைக்கு வந்துவிடுகின்றன. வெண்டையில் பாரிஸ்காரர் தெளிவாகவே தோற்றுப்போகிறார். கறிவேப்பிலையை நேரத்தில் அளக்கவே முடியவில்லை. பெரிய மார்க்கெட்டில் காய் வாங்கினால் கொசுறாகக் கையில் திணிக்கப்படும் கொத்து, அங்கே 1.20 யூரோவுக்குச் சிறு பையில் விற்கப்படுகிறது.

இதைக் கடைக்காரரின் பேராசை என்று தந்தை கருதினார். காரணங்கள் அதைவிடத் தொலைவில் இருக்கின்றன. இந்தக் காய்கள் கப்பலில் வந்தால் வாடிவிடும் என்பதால் விமானத்தில் வருகின்றன. கப்பல் சரக்குக்குக் கிலோவுக்குச் சில சென்ட் என்றால், விமானச் சரக்குக்கு யூரோக் கணக்கில் செலவாகும். இறங்கியபின் சோதனை. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் கொண்டுவந்த விதிமுறையின்கீழ், பூச்சிமருந்து எச்சத்துக்காகக் கூடுதலாகச் சோதிக்கப்படும் பொருட்களில் இந்திய வெண்டைக்காயும் கறிவேப்பிலையும் இடம்பெற்றன. சோதனைக்குக் கட்டணம் உண்டு. முடிவு வரும்வரை சரக்கு காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் காய் எடை இழக்கும். 2014 மே மாதம் இந்திய மாம்பழத்தோடு கத்தரி, பாகல், புடலை, சேம்பு ஆகியவற்றின் இறக்குமதியையே ஒன்றியம் நிறுத்தியது. மாம்பழத்துக்கான தடை 2015இல் நீங்கியது; காய்கள் அதற்குப் பின்னும் காத்திருந்தன. இத்தனை தடைகளைத் தாண்டி வந்த சரக்கில் விற்காமல் அழுகுவதன் விலையையும், விற்கும் காயின்மேல்தான் கடைக்காரர் ஏற்ற முடியும்.

அரிசியின் தனி வழக்கு

அரிசி விலை ஏறியதற்கு நம் நாடே ஒரு காரணம். 2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளையரிசியின் ஏற்றுமதியை இந்திய அரசு தடைசெய்தது. ஆகஸ்ட் 25 முதல் புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி விதித்தது. உள்நாட்டு விலையைக் கட்டுப்படுத்துவதே நோக்கம். அதே ஆண்டு நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியதும், ஐரோப்பாவுக்குப் போகும் சரக்குக் கப்பல்கள் சூயஸ் கால்வாயை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. பயணம் ஏறக்குறைய இரண்டு வாரம் நீண்டது, கட்டணம் பல மடங்கானது. இந்தக் குடும்பத்தின் ரசீதுகளில் 10 கிலோ பொன்னி 19 யூரோவிலிருந்து 24 யூரோவுக்குப் போனது இந்தக் காலத்தில்தான்.

இதற்கு மேல் ஐரோப்பியச் சுங்கம் வேறு. தீட்டிய அரிசிக்கு ஐரோப்பிய ஒன்றியம் ஆண்டின் இறக்குமதி அளவைப் பொறுத்து டன்னுக்கு 145 அல்லது 175 யூரோ விதிக்கிறது. இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வரும் குறிப்பிட்ட பாஸ்மதி வகைகளை உமி மட்டும் நீக்கிய நிலையில் இறக்கினால் சுங்கமே இல்லை. அதாவது, வடக்கத்திய பிரியாணி அரிசி வரியில்லாமல் உள்ளே போகிறது. நம் பொன்னியும் இட்லி அரிசியும் கிலோவுக்கு 14.5 முதல் 17.5 சென்ட் வரை செலுத்திவிட்டுப் போகின்றன. இதை விளக்கியபோது தந்தை மகன்மேல் இருந்த கோபத்தைச் சற்று நேரம், ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸ் பக்கம் திருப்பினார்.

2024 செப்டம்பர் இறுதியில் வெள்ளையரிசித் தடை நீங்கியது. அக்டோபரில் புழுங்கலரிசி வரியும் முழுமையாக விலக்கப்பட்டது. அடுத்து வந்த ரசீதுகளில் மூட்டை விலை 23 யூரோ. ஏறும்போது வாரத்தில் ஏறிய விலை, இறங்கும்போது ஒரு யூரோவோடு நின்றுகொண்டது. இங்கே ஓரளவு கடைக்காரர்களையும் குறை சொல்லலாம் என்றே நினைக்கிறேன். பழைய விலையில் வாங்கிய சரக்கு இருப்பில் இருக்கிறது என்ற சமாதானம் சில மாதங்களுக்குத்தான் செல்லும்.

நூறு யூரோ எங்கே போனது

இனித் தகராறின் மையத்துக்கு வரலாம். நான்கு பேர் கொண்ட அந்த வீட்டின் மாத மளிகைச் செலவு 2021இல் சராசரியாக 540 யூரோ, 2023இல் 610 யூரோ. உயர்வு 70 யூரோ. மகன் குறைத்ததோ 100. மீதி 30 யூரோவை மகன் மறைக்கிறார் என்று தந்தை முடிவுகட்டினார்.

பிரான்சின் புள்ளியியல் நிறுவனக் கணக்குப்படி உணவு விலை 2022இல் சராசரியாக 6.8 விழுக்காடும் 2023இல் 11.8 விழுக்காடும் ஏறியது; 2023 மார்ச்சில் ஓராண்டு உயர்வு 15.9 விழுக்காட்டைத் தொட்டது. இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துப் பெருக்கினால் 19 விழுக்காட்டுக்குச் சற்று மேல். 2021இல் வாங்கிய அதே பொருட்களை அதே அளவில் 2023இல் வாங்கியிருந்தால், 540 யூரோ ஏறக்குறைய 645 யூரோவாகியிருக்க வேண்டும். மகன் சொன்ன 100 அங்கேயிருந்து வந்தது. செய்தியில் கேட்ட விழுக்காட்டை வைத்து அவர் குத்துமதிப்பாகச் சொல்லியிருக்கிறார். தன் வீட்டு ரசீதுகளைக் கூட்டிப் பார்க்கவில்லை. 645 ஆக வேண்டியதை 610இல் நிறுத்தியவர் மருமகள். மாதம் 35 யூரோ மதிப்புள்ள அந்த உழைப்பு, தந்தை எழுதிய கணக்கிலும் இல்லை, மகன் எழுதிய கணக்கிலும் இல்லை.

அவர் செய்தவை ரசீதுகளிலிருந்தே தெரிகின்றன. இட்லிக்கு ஊர் இட்லி அரிசியை நிறுத்தி, பெரிய அங்காடியில் கிலோ 2 யூரோவுக்குக் குறைவாகக் கிடைக்கும் குட்டையான உருண்டை அரிசிக்கு மாறினார். உளுந்தை மட்டும் லா ஷப்பேலில் வாங்கினார். சாம்பாரில் பாதி துவரையும் பாதி மைசூர் பருப்பும். கொத்தமல்லியையும் புதினாவையும் தமிழ்க்கடையில் வாங்குவதை விட்டு, லா கூர்நெவ்விலேயே உள்ள கத்ர் ரூட் சந்தையில் வாங்கினார். மக்ரெப் எனப்படும் வட ஆப்பிரிக்க நாடுகளின் மக்கள் அவற்றைக் கட்டுக்கட்டாக வாங்கிப் போகும் சந்தை என்பதால் அங்கே விலை மலிவு, அதுவும் பகல் ஒரு மணிக்குக் கடை கட்டும் நேரத்தில் தக்காளியும் கத்தரியும் கூடைக் கணக்கில் தள்ளப்படும். வெண்டைக்காய் வாரத்துக்கு ஒருமுறை என்பதிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை ஆனது. பீன்ஸ், கோஸ், காரட், பசலைக்கீரை ஆகியவை அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. சுவை குறைந்ததா என்று கேட்டால், பிள்ளைகள் வேறுபாட்டையே உணரவில்லை என்றும், கணவர்தான் முகம் சுளித்தார் என்றும் அவர் சொன்னார்.

அப்படியானால் மகன் குறைத்த 100இல் மளிகைக்குப் போனது 70தான். எஞ்சிய 30க்கு விடை மின்கட்டண ரசீதில் இருந்தது. அங்கே அரசு நிர்ணயிக்கும் மின்கட்டணம் 2023 பிப்ரவரியில் 15 விழுக்காடும் ஆகஸ்டில் 10 விழுக்காடும் உயர்ந்தது. சமையலும் குளிர்காலச் சூடேற்றலும் மின்சாரத்தில் நடக்கும் அந்த வீட்டில், 30 யூரோவை அது ஒன்றே விழுங்கிவிட்டது.

தந்தை இந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டதற்கு என் எண்கள் மட்டும் காரணமல்ல. புதுச்சேரியில் ரேஷன் அரிசிக்குப் பதிலாகப் பணம் தரும் முறை நடந்த ஆண்டுகளில், வறுமைக்கோட்டுக்கு மேலுள்ளவர்களின் மஞ்சள் அட்டைக்கு 10 கிலோவுக்கு ஈடாக 300 ரூபாய் வங்கியில் விழுந்தது. கிலோ 30 என்ற அந்த மதிப்பு அப்படியே நிற்க, கடையில் அரிசி 40ஐயும் 50ஐயும் தாண்டிப் போனதை அவர் தம் கைப்பட அனுபவித்தவர். அரிசியாகவே கொடுங்கள் என்று கேட்டவர்களில் அவரும் ஒருவர். 2024 தீபாவளியை ஒட்டி ரேஷன் கடைகள் மீண்டும் திறந்தபோது பையோடு முதல் நாளே போய் நின்றவர். நிலையான தொகை விலையேற்றத்தில் எப்படிக் கரையும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மகனுடைய சம்பளமும் அப்படியொரு தொகைதான் என்று மட்டும் சொன்னேன்.

பெட்டியில் போவதும் போகாததும்

சமாதானம் ஏற்பட்டதும் தந்தைக்கு ஒரு யோசனை வந்தது: இங்கிருந்தே சாமான் அனுப்பிவிட்டால் என்ன? கூரியர் கட்டணத்தைக் கேட்டதும் அது அடங்கிவிட்டது. பருப்பும் அரிசியும் அனுப்பினால், கிலோவுக்கு ஆகும் கட்டணமே லா ஷப்பேல் விலையைத் தாண்டிவிடுகிறது. ஊருக்கு வந்து திரும்புபவர்களின் பெட்டியில் அனுப்புவதே மிச்சமிருந்த வழி. அதிலும் விதிகளை அறிந்து அனுப்ப வேண்டியிருந்தது.

பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால்பொருளும் இறைச்சியும் கொண்டுபோகக் கூடாது. எனவே வீட்டில் உருக்கிய நெய்யும் பால்கோவாவும் பட்டியலிலிருந்து நீங்கின. 2019 டிசம்பர் 14 முதல் பழம், காய், இலை எதுவானாலும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே வர முடியாது. அன்னாசி, தேங்காய், டுரியான், வாழைப்பழம், பேரீச்சை ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. கறிவேப்பிலையைத் துணிகளுக்கு நடுவே சுருட்டி வைக்கும் வழக்கம் நம்மவர்களிடம் பரவலாக உண்டு. பிடிபட்டால் குப்பைக்குப் போகும், அபராதமும் வரலாம். மாமியார் மிகவும் தயங்கிய கருவாட்டுக்கு மட்டும் எதிர்பாராத சலுகை. பதப்படுத்திய மீன் ஒருவருக்கு 20 கிலோ வரை அனுமதிக்கப்படுகிறது. மணம் வெளியே வராமல் கட்டுவதுதான் சிக்கலே தவிர, சட்டம் குறுக்கே நிற்கவில்லை.

சாம்பார்ப்பொடி, வடகம், புளி, நிழலில் உலர்த்திய மாவற்றல், பண்ருட்டி முந்திரி, கருவாடு ஆகியவை இப்போது ஆண்டுக்கு ஒரு பெட்டியாகப் போகின்றன. அவற்றால் அங்கே மாதத்துக்குப் பத்துப் பன்னிரண்டு யூரோ மிச்சமாகிறது என்பது மருமகளின் மதிப்பீடு. முந்திரி மட்டும் இதில் சேராது என்பது என் கருத்து. பெரிய அங்காடிகளில் முந்திரி அவ்வளவு விலையில்லை. பண்ருட்டியிலிருந்து போகிறது என்ற பெருமைக்காகத்தான் அது போகிறது, அதற்குக் கணக்கு எழுத வேண்டியதில்லை.

இப்போதைய நிலை

அனுப்பும் தொகை 200 யூரோவிலேயே நிற்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை ஜனவரியில் மளிகை, மின்சாரம் இரண்டின் கூட்டலையும் மகன் அனுப்ப வேண்டும், அதைப் பார்த்துத் தொகையை முடிவு செய்யலாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். 2024 இறுதியில் பிரான்சில் உணவு விலை உயர்வு ஏறக்குறைய நின்றுவிட்டது, ஆனால் ஏறிய விலை இறங்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் இந்தியாவில் உணவு விலை உயர்வு 10 விழுக்காட்டைத் தாண்டியது. ஆகவே அடுத்த பேச்சில் கை நீளப்போவது இந்தப் பக்கத்திலிருந்துதான். இளைய மகன் தேங்காய், எண்ணெய் விலைகளை இப்போதே ஒரு தாளில் குறித்துவருகிறார்.

இதற்கிடையில் 2025இல் யூரோவின் மதிப்பு 100 ரூபாயைக் கடந்தது. 18,000 ரூபாயாக வந்துகொண்டிருந்த அதே 200 யூரோ, மகன் ஒரு சென்ட்கூடக் கூட்டாமல் 20,000 ரூபாய்க்கு மேல் ஆனது. இந்தக் கூடுதலைத் தாம் கேட்கப்போகும் உயர்வில் கழித்துக்கொள்ள வேண்டுமா என்று தந்தை என்னிடம் கேட்டிருக்கிறார். கழிப்பதே முறை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் இன்னும் ஒப்பவில்லை.